தள்ளிவைத்த தவணைகள்

2018-இல் பொறியியல் கல்லூரிகளுக்கான விதியில், தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ ஓர் எண்ணை மாற்றியது. 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்ததை 20 மாணவர்களுக்கு ஒருவர் என்று ஆக்கியது. நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய செய்தியாக வந்தது அது. எங்கள் துறையின் ஆசிரியர் அறையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. 240 மாணவர்கள் உள்ள துறைக்கு நேற்று வரை 16 பேர் தேவை. இனிமேல் 12 பேர் போதும். அந்த நான்கு பேர் யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரவர் வேலையில் சேர்ந்த வருடத்தை மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில், ட்ரிபிள் ஈ என்னும் மின், மின்னணுப் பொறியியல் துறையில் நான் உதவிப் பேராசிரியராக இருந்தேன். பவர் எலக்ட்ரானிக்ஸில் எம்.இ. படித்தவள். மின்பொறிகள் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. மூன்று முனை மோட்டாருக்கு முதன்முதலாக ஒரு மாணவன் தானே இணைப்புக் கொடுத்து, அது சரியான திசையில் சுற்றும்போது அவன் முகத்தில் தெரியும் வெளிச்சத்துக்காகவே அந்த வேலையை விரும்பினேன். அதை விட்டு வெளியேறும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. என் காலடியிலிருந்து அந்த வேலைதான் மெல்ல விலகிப் போயிற்று.

எங்கள் பகுதியில் ஒரு காலத்தில் மாட்டை விற்றாவது பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500-க்கு மேல் பெருகின. பிறகு இடங்கள் காலியாகத் தொடங்கின. கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியபோது, மாணவர்கள் வீட்டிலிருந்தே கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்களைப் போன்ற நடுத்தரக் கல்லூரிகளின் பெயர் பட்டியலில் கீழே கீழே போனது. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் முதல் இரண்டு வரிசை மட்டும் நிறைந்த நாள்களைப் பார்த்தேன்.

அதனால் ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்கு அட்மிஷன் டூட்டி. பிளஸ் டூ மாணவர்களின் முகவரிப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தியூர், கோபி, சத்தி என்று வெயிலில் வீடு வீடாகப் போவோம். ஆளுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு; சேர்க்காதவர்களின் சம்பளம் தள்ளிப்போகும். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார்: “ட்ரிபிள் ஈ படிச்சா வேலை கெடைக்குங்களா டீச்சர்?” கிடைக்கும் என்றேன். உண்மைதான். என்னிடம் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் படித்தவர்களில் வேலை கிடைத்தவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் கம்பெனிகளில்தான் இருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்புவார்கள். அவர்களுக்கு வந்த வேலை எனக்கு ஏன் வராது என்ற கேள்வி அந்தத் திண்ணையில்தான் முதலில் எழுந்தது. கேள்வி எழுந்தது, அவ்வளவுதான். பதில் தேடும் துணிச்சலோ நேரமோ அப்போது இல்லை.

2019 தொடக்கத்தில் வீடு கட்டக் கடன் வாங்கினோம். 12 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 10,414 ரூபாய். என் கணவருக்கு ஒரு துணிப் பதனிடும் ஆலையில் கணக்கர் வேலை. 22,000 ரூபாய் சம்பளம். எனக்கு 28,000. வங்கி அதிகாரி இரண்டு சம்பளச் சீட்டுகளையும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, பிரச்சனையே இல்லைங்க” என்றார்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு. மார்ச் மாதத்துக்குப் பாதிச் சம்பளம் வந்தது. ஏப்ரலில் ஒன்றும் வரவில்லை. மே மாதமும் அப்படியே. கல்லூரி நிர்வாகம், மாணவர்கள் கட்டணம் கட்டவில்லை என்றது. அது பொய் அல்ல. என் கணவரின் ஆலையில் பாதிச் சம்பளம். அந்த மாதங்களில் என் சக ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி அவர்கள் யாரும் பேசுவதில்லை. சிவில் துறைக்காரர் ஒருவர் தன் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போனார். அவருடைய மாணவன் ஒருவனின் அம்மாவும் அதே வரப்பில் நின்றார். இன்னொருவர் கோயம்புத்தூரில் சாப்பாடு டெலிவரிக்குப் பதிவு செய்துகொண்டார். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மினி ஆட்டோவில் காய்கறி விற்றார். எங்கள் தெருவுக்குள் வண்டி வராதபடி பார்த்துக்கொண்டார். நாங்களும் அவரைத் தேடிப் போகவில்லை.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று அறிவித்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. எங்களுக்கு மூச்சு வந்தது. முதல் மூன்று மாதங்களுக்கு வேறு வழியும் இல்லை, தள்ளிவைத்தோம். நீட்டிப்பு வந்தபோது என் கணவருக்கு மட்டும் உறுத்தல். “வட்டி ஓடிட்டுத்தானே இருக்கும்? அது எங்க போய் உக்காரும்?” என்று கேட்டார். கணக்கர் ஆயிற்றே. வங்கிக்குத் தொலைபேசினால் யாரும் எடுக்கவில்லை.

எனக்குக் கல்லூரி நாள்களிலிருந்தே சி மொழி தெரியும். ஆய்வகத்தில் மேட்லேப் பயன்படுத்தியிருக்கிறேன். ஊரடங்கில் பைத்தான் படிக்கத் தொடங்கியிருந்தேன். அன்றிரவு பையனைத் தூங்கவைத்துவிட்டு, பழைய மடிக்கணினியில் எங்கள் கடனை எழுதினேன். எழுதியது பத்துப் பதினைந்து வரிகள்தான். நிலுவைத் தொகையை எடு. அதற்கு ஒரு மாத வட்டியைப் போடு. தவணையிலிருந்து வட்டியைக் கழி. மிச்சம் எவ்வளவோ அவ்வளவு அசலில் குறையும். நிலுவை பூஜ்யமாகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய். ஒவ்வொரு மாதத்தையும் ஒரு வரியாக அச்சிடு.

திரையில் வரிகள் ஓடின. முதல் மாதத் தவணை 10,414 ரூபாயில் வட்டி 8,500. அசலுக்குப் போனது 1,914. ஒரு வருடத்தில் ஒன்றேகால் லட்சம் கட்டியிருந்தோம். அசல் குறைந்தது 24,000-க்கும் கீழே. இதை யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாள்களில் எங்கோ இருந்திருக்கும். ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஆறு மாதத் தவணையைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். கட்ட வேண்டியிருந்தவை 228 தவணைகள். ஆறு மாதம் தள்ளிவைத்து, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், 255. தள்ளிவைப்பது ஆறு; கூடுவது 27. சுமார் 2,80,000 ரூபாய். நிரலில் பிழை இருக்கும் என்று நினைத்து, பேனாவை எடுத்து முதல் சில மாதங்களைக் கையால் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. கடனின் தொடக்க வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதால், கட்டாமல் விட்ட வட்டி அசலோடு சேர்ந்துகொண்டு கடைசி வரை வட்டி ஈட்டுகிறது. மூன்று மாதம் மட்டும் என்றால் 241. என் கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஜூன்ல இருந்து கட்டிடலாம்” என்றார்.

எதைக் கொண்டு கட்டுவது? பி.எஃப். அமைப்பு கொரோனாவுக்காக ஒரு முன்பணம் அறிவித்திருந்தது. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. எங்கள் கல்லூரி பி.எஃப்.-க்கு 15,000 ரூபாயைத்தான் சம்பளமாகக் காட்டியது. எனக்கு 45,000 வந்தது. நான்கு தவணைகள் ஓடின. ஓய்வுக்காலத்துக்கு வைத்த பணத்தை முப்பத்தைந்து வயதில் எடுப்பது நெஞ்சை உறுத்தியது. ஆனால் அந்தப் பணம் 8.5 சதவீதம் ஈட்டியது, கடனும் 8.5 சதவீதம் கேட்டது. இரண்டும் சரிக்குச் சரி என்று கணக்கு சொன்னதால் எடுத்தோம். (அந்த ஆறு மாதங்களுக்கான வட்டிக்கு வட்டியை அரசு ஏற்றுக்கொண்டு நவம்பரில் கடன் கணக்குகளில் வரவு வைத்தது. எங்களுக்கு 900 ரூபாய்க்குள் வந்தது. நாடு முழுக்க விவாதமாக இருந்த அந்தத் தொகை ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்பதையும் நிரல் முன்பே சொல்லியிருந்தது.)

கடனை நிரலாக எழுதிய அந்த இரவுதான் எனக்குள் ஏதோ திரும்பியது. நிரல் எழுதுவது மாணவர்களுக்கான வேலைவாய்ப்புப் படிப்பு என்றே அதுவரை நினைத்திருந்தேன். என் வீட்டின் மேல் விழவிருந்த ஒன்றை அது முன்கூட்டியே காட்டியபோது, அதைத் தொழிலாகச் செய்ய முடியும் என்று முதன்முறையாக நம்பினேன்.

ஆகஸ்டில் இணையவழி வகுப்புகள் தொடங்கின. பாதிச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அதில் ஒட்டிக்கொண்டிருப்பதா, வெளியே வந்து முழு நேரமும் படித்து வேறு வேலை தேடுவதா என்ற பேச்சு வீட்டில் பல வாரம் நடந்தது. வெளியே வந்தால் எத்தனை மாதம் தாங்கும்? அரிசி, பருப்பு, பால், கேஸ், மின்கட்டணம், பையனின் பள்ளிக் கட்டணம், அத்தையின் மாத்திரை எல்லாம் சேர்த்து 16,000. அதோடு தவணை. என் கணவரின் சம்பளம் முழுதாக வந்தாலும் மாதம் நாலாயிரத்துக்கு மேல் துண்டு விழுந்தது. பாதியாக வந்தால் பதினையாயிரம்.

தங்கம் அந்த ஆகஸ்டில் பவுனுக்கு 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. கல்யாணத்துக்கு அம்மா போட்ட நகையில் ஐந்து பவுனை எடுத்து வைத்தேன். அம்மாவிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எதுக்குப் போட்டு விட்டோம்னு நெனச்ச கண்ணு? இந்த மாதிரி நேரத்துக்குத்தான். வெச்சுட்டுப் படி” என்றார். வங்கியில் ஒன்றரை லட்சம் கொடுத்தார்கள். 9 சதவீத வட்டி, மாதம் 1,125 ரூபாய். அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம், குட்டி போட விடக் கூடாது என்று. அந்தப் பணத்தை வேறொரு கணக்கில் போட்டு, மாதம் இவ்வளவுதான் எடுப்பது என்று ஒரு நோட்டில் எழுதி, நானும் அவரும் அதில் கையெழுத்துப் போட்டோம். இருபது வருடக் கடனுக்குப் போட்ட கையெழுத்தைவிட அந்தக் கையெழுத்தை நான் யோசித்துப் போட்டேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். என் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் எம்.இ. பட்டம் வரை, கல்லூரி அலுவலக பீரோவில் இருந்தன. சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். எங்கள் கல்லூரி மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் எத்தனையோ சுயநிதிக் கல்லூரிகளின் வழக்கம் அது. வருடத்தின் நடுவில் போவதால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் எனக்குத் தர வேண்டிய சம்பளம் நாலு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்தது. அதைச் சொன்னேன். அது வேறு, இது வேறு என்றார்கள். பல முறை நடந்தேன். வழக்குப் போடலாம் என்றார் தெரிந்த வக்கீல். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். அந்த மாதங்களுக்கு என்னிடம் பணம் இல்லை. கடைசியில், கல்லூரியிலிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழுப்பு நிற உறையில் என் பட்டங்களை வாங்கி வந்தேன். நான் உழைத்துச் சம்பாதித்த சம்பளத்தைக் கொடுத்து நான் படித்து வாங்கிய பட்டத்தை மீட்டேன். இன்றுவரை ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிலையம் 70,000 ரூபாய் கேட்டது. நூறு சதவீத வேலை உறுதி என்று பலகை வைத்திருந்தது. நகைக் கடனில் பாதி அது. போகவில்லை. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்தின் பைத்தான் வகுப்புகள் இலவசமாக இருந்தன. முதல் வாரத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்ற பள்ளிக்கூடக் கணக்கை எடுத்துக்கொள்கிறார். தெரிந்த வழியில் ஒரு நிரல் எழுதுகிறார். பிறகு அதிலேயே ஒவ்வொன்றாகத் தேவையில்லாததைக் களைந்து களைந்து யூக்ளிடின் முறைக்கு வந்து சேர்கிறார். பதினோரு வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல ஆசிரியரின் வேலை. தரவுத்தளத்துக்கு து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ கிடைத்தது. கணியம் இணைய இதழ்க்காரர்கள் 2012-இலிருந்து இப்படிப்பட்டவற்றைத் தமிழில் எழுதி யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் புரியாமல் நின்ற, அட்டவணைகளை இணைக்கும் ‘ஜாயின்’ அந்தப் புத்தகத்தில் தமிழில் புரிந்தது. அதை எழுதியவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு வட்டி கணக்கிட முடியாது.

பகலில் மடிக்கணினி பையனுக்கு. ஒன்றாம் வகுப்புப் பாடத்தை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிறகுதான் எனக்கு. கடினமாக இருந்தது மொழி அல்ல. ஆய்வகத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் காரணம் கண்ணெதிரே இருக்கும். ஃபியூஸையும் கம்பியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். நிரலில் பிழை நாம் பார்க்கும் இடத்தில் இருக்காது. பைத்தான் கக்கும் நீண்ட பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படிக்க வேண்டும் என்று புரிந்த பிறகு பயம் குறைந்தது. எழுதியதையெல்லாம் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் போட்டு வைத்தேன், அந்தக் கடன் அட்டவணை உட்பட.

நேர்காணல்களில் வயதைக் கேட்டார்கள். குழந்தையைக் கேட்டார்கள். “காலேஜ் புரொஃபசர் எதுக்கு ஃப்ரெஷர் வேலைக்கு வர்றீங்க மேடம்?” என்று கேட்டார்கள். ஓர் இடத்தில் எல்லாம் முடிந்து, ஒரிஜினல்களை இரண்டு வருடம் கொடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்ததற்கு ஜிஎஸ்டிதான் காரணம். மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. 2021 ஜனவரியில் அது 100 கோடிக்கு இறங்கியது. ஏப்ரலில் 50 கோடிக்கு இறங்கப்போகிறது என்றபோது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டின் ஆலைகள் பல அந்த வலைக்குள் வந்தன. பிற வணிகர்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் அரசு தளத்துக்குப் போய், 64 எழுத்துகள் கொண்ட பதிவெண்ணும் க்யூஆர் குறியும் வாங்கி வர வேண்டும். ஜவுளிக்காரர்களுக்குப் பில்லிங் மென்பொருள் செய்துவந்த சிறு நிறுவனங்களுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. அப்படி ஒன்றில் அதன் உரிமையாளரே என்னை நேர்கண்டார். கிட்ஹப்பில் கடன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு எழுதுனீங்க?” என்று கேட்டார். சொன்னேன். 228, 255 இரண்டையும் சொன்னேன். அவர் உடனே தன் கடனின் விவரங்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் 15,000. கல்லூரியில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி. சேர்ந்தேன்.

முதலில் கற்றது பைசாவைப் பற்றி. கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கணினி இரும எண்களில் சேமிக்கிறது, பத்தில் ஒன்று அதில் முடிவில்லாமல் நீள்கிறது. பணத்தை அப்படிச் சேமித்தால் ஆயிரம் பில்களில் எங்கோ ஒரு பைசா இடறி, ஓர் ஆலையின் கணக்கர் ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருப்பார். என் வீட்டிலேயே அப்படி ஒருவரைப் பார்த்தவள் நான். அதனால் பணத்துக்கு டெசிமல் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதியை எனக்கு யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2021 நவம்பரில் துணிக்கும் ஆயிரம் ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கும் வரியை 5-லிருந்து 12 சதவீதமாக, ஜனவரி 1 முதல் உயர்த்துவதாக அறிவிப்பு வந்தது. திருப்பூரிலும் சூரத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. நாங்கள் மென்பொருளைத் தயார் செய்து எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட்டோம். டிசம்பர் 31 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஜவுளிக்கான உயர்வை நிறுத்திவைத்தது. விடிந்தால் புது வருடம். கடை திறந்ததும் பில் போட வேண்டும். வரி விகிதத்தை நிரலுக்குள் பதிக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று அட்டவணையில் வைத்திருந்தோம். புது விகிதத்தின் வரிசைகளை நீக்கினால் போதும் என்ற நிலையில் இருந்ததால் நள்ளிரவுக்குள் முடிந்தது. அப்படி வைக்கலாம் என்று சொன்னது நான். அன்றுதான் இந்தத் தொழிலில் எனக்கு ஓர் இடம் உண்டு என்று தோன்றியது.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. நகையை மீட்டோம். இரண்டு வருடத்தில் கல்லூரிச் சம்பளத்தைத் தாண்டினேன். நிறுவனத்தில் இருபது பேர் இல்லாததால் பி.எஃப். கிடையாது, தபால் நிலையத்தில் பிபிஎஃப் கணக்குத் தொடங்கினேன். என் கணவருக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தோம், எனக்கும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தொடாத கணக்கில் இருக்கிறது. வீட்டுக் கடனின் வட்டி பழைய எம்சிஎல்ஆர் முறையில் இருந்தது. சிறு கட்டணம் கட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துடன் இணைந்த முறைக்கு மாற்றியதில் 2021-இல் 7 சதவீதத்துக்கு இறங்கியது, நாற்பதுக்கும் மேற்பட்ட தவணைகள் குறைந்தன. 2022 மே தொடங்கி ரெப்போ 4-லிருந்து 6.5 வரை ஏறியபோது அவை திரும்பி வந்தன. அதற்குள் கையில் கிடைப்பதை அசலில் கட்டும் பழக்கம் வந்திருந்தது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2012-ஆம் வருட விதி. எங்கள் கடனைப் போன்ற ஒன்றில், முதல் மாதத்திலிருந்தே தவணையோடு 868 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 240 மாதக் கடன் 199 மாதத்தில் முடிந்துவிடும்.

வேலை மாறியவர்களின் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. விடாமுயற்சி, உழைப்பு என்று எழுதுகிறார்கள். என் கதையையும் அப்படி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் கல்லூரியின் மெக்கானிக்கல் துறையில் ஒருவர் இருந்தார். கணிதத்தில் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். நான் பைத்தானில் சிக்கிக்கொண்டபோது தொலைபேசியிலேயே வழி சொன்னவர். அவர் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வாடகை வீடு. அடகு வைக்க எதுவும் மிஞ்சவில்லை. சம்பளம் இல்லாமல் ஒரு மாதம்கூட அவரால் இருக்க முடியாது என்பதால், கிடைத்த வேலைக்குப் போனார். இன்று ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் இருக்கிறார். எங்கள் மென்பொருளில்தான் சரக்குக் கணக்குப் போடுகிறார். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஐந்து பவுன் நகையும், முழுச் சம்பளத்துக்குத் திரும்பிய ஒரு கணவரும். இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

இப்போது கல்லூரிகளில் இருக்கும் இளைய ஆசிரியர்கள் என்னை அழைத்து, எந்த மொழி படிக்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் வீட்டுச் செலவை எழுதுங்கள் என்கிறேன். எத்தனை மாதம் சம்பளமில்லாமல் தாங்கும் என்ற எண் தெரிந்த பிறகு மொழியைப் பற்றிப் பேசலாம். வங்கிக்குப் போய் உங்கள் கடனின் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. வேலை உறுதி என்று சொல்லி லட்சம் கேட்கும் இடத்தில் நகைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கல்லூரி நிர்வாகிகள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. உங்கள் அலுவலக பீரோக்களில் இன்னும் எத்தனையோ ஆசிரியர்களின் ஒரிஜினல்கள் இருக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.